இற்றைப்படுத்தலுக்குப் பிந்தைய கணினிக் கோளாறு

இற்றைப்படுத்தலுக்குப் பிந்தைய கணினிக் கோளாறு என்பது, இயக்குதளம், சாதன இயக்கி, நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் முதலியவற்றுக்கு வெளியிடப்படும் இற்றைப்படுத்தல் ஒன்றை நிறுவிய பின்னர், அதுவரை ஒழுங்காக இயங்கிவந்த கணினி தொடங்காமல் போவதையோ, தொடங்கியும் சரிவர இயங்காமல் இருப்பதையோ குறிக்கும். பேச்சு வழக்கில் இற்றைப்படுத்தல் என்பது அப்டேட் என்றே வழங்கப்படுகிறது. இக்கோளாறு எல்லாக் கணினிகளிலும் ஏற்படக்கூடியதே எனினும், பழைய மேசைக் கணினிகளில் இதைக் கண்டறிவதும் சீர்செய்வதும் சற்றுச் சிக்கலானவை. அவற்றில் மென்பொருள் கோளாறும் வன்பொருள் தேய்மானமும் ஒரே வகையான அறிகுறிகளைக் காட்டக்கூடும்.

இத்தகைய கோளாறுகளில் பெரும்பாலானவற்றில் கணினியின் வன்பொருளும் பயனரின் கோப்புகளும் சேதமடைவதில்லை. மாறியது ஒரு கோப்போ, ஒரு சாதன இயக்கியோ, பதிவகத்தில் உள்ள ஒரு மதிப்போ மட்டுமே. அந்த ஒரு மாற்றத்தைத் திருப்பினால் கணினி பழைய நிலைக்கு வந்துவிடும். கணினி தொடங்கவில்லை என்றவுடன் வன்தட்டை வடிவூட்டி (ஃபார்மட் செய்து) இயக்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே பல இடங்களில் வழக்கமாக உள்ளது. படங்களும் ஆவணங்களும் இழக்கப்படுவது பெரும்பாலும் இந்த அவசரத்தினால்தான், இற்றைப்படுத்தலினால் அன்று.

இற்றைப்படுத்தல் நிறுவப்படும் முறை

இயக்குதளம் இயங்கிக்கொண்டிருக்கும்போது அதன் அடிப்படைக் கோப்புகள் பயன்பாட்டில் இருப்பதால் அவற்றை உடனடியாக மாற்ற இயலாது. எனவே விண்டோஸ் இயக்குதளம், புதிய கோப்புகளை முதலில் தனி இடத்தில் வைத்துவிட்டு, எந்தக் கோப்பை எதனால் மாற்ற வேண்டும் என்ற பட்டியலைக் குறித்துக்கொள்கிறது. கணினி அணைந்து மீண்டும் தொடங்கும் வேளையில் இப்பட்டியலின்படி கோப்புகள் மாற்றப்படுகின்றன. திரையில் "கணினியை அணைக்க வேண்டாம்" என்ற பொருள்படும் செய்தி தோன்றுவது இந்நேரத்தில்தான். பாதி கோப்புகள் மாறி, பாதி மாறாத நிலையில் மின்சாரம் தடைப்பட்டால், ஒன்றோடொன்று பொருந்தாத இரு பதிப்புகளின் கோப்புகள் வன்தட்டில் கலந்து நிற்கும்.

மாற்றப்படும் பழைய கோப்புகள் உடனே அழிக்கப்படுவதில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் இவை விண்டோஸ் கோப்புறைக்குள் மறைக்கப்பட்ட தனித்தனிக் கோப்புறைகளில், ஒவ்வொரு இற்றைப்படுத்தலின் எண்ணுடன், நீக்குவதற்கான நிரலோடு சேர்த்து வைக்கப்பட்டன. விண்டோஸ் விஸ்டாவும் அதன் பின்வந்த பதிப்புகளும் வின்எஸ்எக்ஸ்எஸ் என்னும் கோப்புறையில் கூறுகளின் பல பதிப்புகளைச் சேமித்து வைக்கின்றன. லினக்ஸ் வழங்கல்கள் பலவும் புதிய கருனியை நிறுவும்போது பழைய கருனியை அப்படியே விட்டுவைக்கின்றன. இற்றைப்படுத்தல் ஒன்றைப் பின்னோக்கித் திருப்ப இயல்வதற்கு அடிப்படை இதுவே. கணினி தொடங்காத நிலையிலும் பழைய கோப்புகள் வன்தட்டிலேயே இருக்கின்றன.

பழைய கணினிகளில் கோளாறு ஏற்படுவதற்கான காரணங்கள்

* வன்பொருள் வேறுபாடு: பழைய செயலிகளிலும் தாய்ப்பலகைகளிலும் புதிய நிரல் போதுமான அளவு சோதிக்கப்படாமல் வெளிவரலாம். புதிய நிரல் பயன்படுத்தும் செயலிக் கட்டளைகள் பழைய செயலியில் இல்லாமலும் இருக்கலாம்.
* எஞ்சிய இயக்கிகள்: பல ஆண்டுகள் பயன்பட்ட கணினியில், நீக்கப்பட்ட சாதனங்களின் இயக்கிகளும் பழைய மென்பொருள்களின் எச்சங்களும் இருக்கும். பழைய கருனியுடன் இசைந்து இருந்த அவை, புதிய கருனியுடன் மோதலாம்.
* தீநிரல்: கணினியில் பயனர் அறியாமல் ஒளிந்திருக்கும் தீநிரல், இயக்குதளத்தின் கோப்புகள் மாறும்போது நிலைகுலைந்து கணினியையும் நிறுத்திவிடலாம்.
* தேய்ந்த வன்பொருள்: இற்றைப்படுத்தலின்போது வன்தட்டில் வழக்கத்தைவிட மிக அதிகமாக எழுதப்படுகிறது. ஏற்கெனவே பழுதடையத் தொடங்கிய வன்தட்டின் குறை அப்போது வெளிப்படும்.
* இடப் பற்றாக்குறை: பழைய வன்தட்டுகளில் கட்டற்ற இடம் குறைவாக இருப்பதால் நிறுவல் இடையில் தடைப்படலாம். 2024 ஜனவரியில் வெளியான கேபி5034441 என்னும் இற்றைப்படுத்தல், மீட்புப் பகிர்வில் 250 மெகாபைட் அளவு கட்டற்ற இடம் இல்லாத விண்டோஸ் 10 கணினிகளில் பிழைச் செய்தியுடன் தோல்வியுற்றது. இதனால் கணினியின் இயக்கத்துக்குப் பாதிப்பு ஏற்படவில்லை.
* மின்தடை: மேசைக் கணினிகளுக்கு மடிக்கணினிகளைப் போல மின்கலம் இல்லை. ஆகவே மின்தடை நேரடியாக நிறுவலைத் துண்டித்துவிடும்.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

பின்வரும் நிகழ்வுகள் வெவ்வேறு காலங்களைச் சேர்ந்தவை. எனினும் இவற்றில் பெரும்பாலானவற்றில் கோளாறுக்கு மூலம் ஒரே ஒரு மாற்றமாக இருந்ததும், தீர்வும் அதை ஒட்டியே அமைந்ததும் கவனிக்கத்தக்கன.

2008: விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3

2008 மே மாதத்தில் விண்டோஸ் எக்ஸ்பியின் மூன்றாம் சர்வீஸ் பேக் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. இதை நிறுவிய ஏஎம்டி செயலி கொண்ட சில கணினிகள், தொடங்குவதும் நின்று மீண்டும் தொடங்குவதுமாகச் சுழன்றன. ஹெச்பி நிறுவனத்தின் சில மேசைக் கணினிகள் இவற்றுள் அடங்கும். இன்டெல் செயலிகளுக்காக ஆயத்தம் செய்யப்பட்ட இயக்குதளப் பிரதி ஏஎம்டி கணினிகளிலும் நிறுவப்பட்டு விற்கப்பட்டதே காரணம். அதனால் இன்டெல் செயலியின் மின்திறன் மேலாண்மைக்குரிய இன்டெல்பிபிஎம் என்ற இயக்கி ஏஎம்டி கணினிகளிலும் இருந்தது. சர்வீஸ் பேக் நிறுவப்பட்ட பின்னர் அது செயல்பட முயன்று, 7ஈ என முடியும் நிறுத்தப் பிழையை உண்டாக்கியது. பாதுகாப்பு முறையில் இவ்வியக்கி ஏற்றப்படுவதில்லை. ஆகவே அம்முறையில் கணினியைத் தொடக்கி, பதிவகத்தில் அவ்வியக்கிக்குரிய தொடக்க மதிப்பை 4 என மாற்றினால் கோளாறு நீங்கியது. 4 என்பது "முடக்கப்பட்டது" என்பதைக் குறிக்கும்.

2010 பிப்ரவரி: எம்எஸ்10-015

2010 பிப்ரவரி 9 அன்று விண்டோஸ் கருனியில் இருந்த பாதுகாப்புக் குறைகளைத் திருத்தும் இற்றைப்படுத்தல் ஒன்றை மைக்ரோசாப்ட் வெளியிட்டது. அதை நிறுவிய பல எக்ஸ்பி கணினிகள் நீலத்திரையுடன் நின்றன. ஆய்வில், பாதிக்கப்பட்ட கணினிகளில் அலூரியான் என்னும் தீநிரல் ஏற்கெனவே குடிகொண்டிருந்தது தெரியவந்தது. இத்தீநிரல் வன்தட்டுக்குரிய இயக்கிக் கோப்பில் ஒட்டிக்கொண்டு, கருனியின் செயற்கூறுகள் குறிப்பிட்ட முகவரிகளில் இருக்கும் என்ற எடுகோளில் எழுதப்பட்டிருந்தது. கருனி மாறியதும் முகவரிகளும் மாறின. தீநிரல் தவறான இடத்துக்குத் தாவியதால் கணினி நின்றது. மைக்ரோசாப்ட் தானியங்கி விநியோகத்தை இடைநிறுத்தி, தொற்றுள்ள கணினிகளைக் கண்டறிந்து தவிர்க்கும் சோதனையுடன் மார்ச் மாதத்தில் மீண்டும் வெளியிட்டது. இந்நிகழ்வில் இற்றைப்படுத்தல் கோளாறை உண்டாக்கவில்லை. மறைந்திருந்த கோளாறை வெளிப்படுத்தியது.

2010 ஏப்ரல்: மெக்காஃபி வரையறைக் கோப்பு

2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் வெளியிட்ட 5958 எண்ணுடைய நச்சுநிரல் வரையறைக் கோப்பு, எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 கணினிகளில் இருந்த எஸ்விசிஹோஸ்ட் என்ற இயக்குதளக் கோப்பை நச்சுநிரல் எனத் தவறாகக் கருதித் தனிமைப்படுத்தியது. விண்டோஸின் பல பின்புலச் சேவைகள் இக்கோப்பின் வழியே இயங்குபவை. எனவே கணினிகள் தொடர்ந்து மறுதொடக்கமாயின, வலையிணைப்பையும் இழந்தன. பிழைநீக்கிய வரையறையை வேறொரு கணினியிலிருந்து கொண்டுவந்து நிறுவி, அந்த ஒரு கோப்பை மீண்டும் அதன் இடத்தில் வைப்பதே தீர்வாக அமைந்தது.

2018: பழைய செயலிகள்

2018 ஜனவரி 3 அன்று, மெல்ட்டவுன், ஸ்பெக்டர் எனப்படும் செயலிக் குறைபாடுகளுக்கு எதிரான இற்றைப்படுத்தல்கள் வெளியாயின. அத்லான் போன்ற பழைய ஏஎம்டி செயலிகளைக் கொண்ட சில கணினிகள் இவற்றை நிறுவியபின் விண்டோஸ் சின்னத்துடன் உறைந்து நின்றன. சில ஏஎம்டி சில்லுத் தொகுதிகள், முன்னர்த் தமக்கு அளிக்கப்பட்ட ஆவணங்களுக்கு இசைய இயங்கவில்லை என மைக்ரோசாப்ட் விளக்கமளித்து, அக்கணினிகளுக்கான விநியோகத்தை நிறுத்திவைத்தது. அதே மாதத்தில் திருத்தப்பட்ட பொதிகள் வெளியாயின. ஏஎம்டி செயலிகளை ஸ்பெக்டர் பாதித்தது எனினும் மெல்ட்டவுன் பாதிக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

அதே ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியான விண்டோஸ் 7 மாதாந்திரத் தொகுப்பு, எஸ்எஸ்இ2 கட்டளைகள் இல்லாத செயலிகளில் நிறுத்தப் பிழையை உண்டாக்கியது. பென்டியம் III இவ்வகையைச் சேர்ந்தது. மைக்ரோசாப்ட் முதலில் திருத்தம் வரும் என்று அறிவித்தாலும், பின்னர் எஸ்எஸ்இ2 உள்ள கணினிக்கு மாறுமாறு பரிந்துரைத்தது. திருப்பிப் பழைய நிலையில் இயக்கலாமே அன்றி முன்னேற இயலாத நிலைக்கு இது எடுத்துக்காட்டாகும்.

2018 அக்டோபர்: விதிவிலக்கு

2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பு, சில கணினிகளில் பயனரின் ஆவணங்களையே அழித்துவிட்டது. ஆவணங்கள், படங்கள் போன்ற கோப்புறைகளை வேறு இடத்துக்கு மாற்றியமைத்துவிட்டு, பழைய இடத்திலும் கோப்புகளை விட்டுவைத்திருந்தோர் பாதிக்கப்பட்டனர். சில நாட்களிலேயே விநியோகம் நிறுத்தப்பட்டு, நவம்பர் 13 அன்று திருத்தப்பட்ட பதிப்பு வெளியானது. காப்புநகல் இல்லாமல் இற்றைப்படுத்தலை நிறுவுவதன் இடரை இந்நிகழ்வு காட்டியது.

2024: கிரவுட்ஸ்ட்ரைக்

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தரவுக் கோப்பு, உலகெங்கும் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. மைக்ரோசாப்ட் மதிப்பீட்டின்படி பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள். பிழையான கோப்பு 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது எனினும், அதற்குள் நின்றுவிட்ட கணினிகள் பலவற்றைத் தனித்தனியே பாதுகாப்பு முறையிலோ மீட்புச் சூழலிலோ தொடக்கி, 291 என்ற எண்ணுடைய அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

கோளாறின் மூலத்தைக் கண்டறிதல்

சீர்செய்வதற்கு முன் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும்: கணினி உண்மையிலேயே நின்றுவிட்டதா, கோளாறு வன்பொருளிலா மென்பொருளிலா, கடைசியாக மாறியது எது.

நின்றுவிட்டதா, மெதுவாக இயங்குகிறதா

சுழலும் வன்தட்டும் குறைந்த நினைவகமும் கொண்ட கணினியில் ஒரு பெரிய இற்றைப்படுத்தல் நிறைவடையப் பல மணிநேரம் ஆகலாம். திரையில் விழுக்காடு மாறாமல் இருந்தாலும், கணினிப் பெட்டியின் முகப்பிலுள்ள வன்தட்டு விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் பணி நடைபெறுகிறது என்று கொள்ளலாம். அந்நிலையில் மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது. விளக்கு நெடுநேரம் எரியாமலேயே இருந்து, விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்தினாலும் அதற்குரிய விளக்கு மாறாவிட்டால் கணினி உறைந்துவிட்டது எனக் கருதலாம்.

2015, 2016 ஆண்டுகளில் விண்டோஸ் 7 கணினிகள் பலவற்றில், புதிய இற்றைப்படுத்தல்களைத் தேடும் பணியே செயலியையும் நினைவகத்தையும் மணிக்கணக்கில் ஆக்கிரமித்தது. பழைய கணினிகளின் உரிமையாளர்கள் பலர் கணினி பழுதாகிவிட்டதாகக் கருதினர். 2016 ஜூலையில் வெளியான கேபி3172605 என்னும் தொகுப்பு இத்தேடலை விரைவுபடுத்தியது.

வன்பொருளா, மென்பொருளா

இதனை அறிய எளிய வழி, நிறுவாமலேயே இயங்கும் லினக்ஸ் வழங்கல் ஒன்றைக் குறுவட்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ தொடக்குவதாகும். அது ஒழுங்காக இயங்கினால் செயலி, நினைவகம், தாய்ப்பலகை, திரை ஆகியவை பெரும்பாலும் நன்னிலையில் உள்ளன என்று கொள்ளலாம். அதுவும் தொடங்காவிட்டாலோ, இடையில் நின்றாலோ வன்பொருளை ஆராய வேண்டும். பழைய கணினிகளில் பார்க்க வேண்டியவை:

* தாய்ப்பலகை மின்கலம்: சிஆர்2032 வகையைச் சேர்ந்த 3 வோல்ட் மின்கலம் தீர்ந்துவிட்டால், மின்சாரம் துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் தேதியும் பயாஸ் அமைப்புகளும் தொடக்க நிலைக்குத் திரும்பும். தேதி பல ஆண்டுகள் பின்சென்றால் பாதுகாப்பான இணையதளங்கள் சான்றிதழ்ப் பிழை காட்டும். வன்தட்டு இணைப்பு முறை ஏஎச்சிஐ, ஐடிஇ ஆகிய இரண்டில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிவிட்டால், 7பி என முடியும் நிறுத்தப் பிழையுடன் விண்டோஸ் தொடங்காமல் போகலாம். இற்றைப்படுத்தலுக்குப் பின் கணினி அணைக்கப்பட்ட வேளையில் இது நிகழ்ந்தால், பழி இற்றைப்படுத்தலின் மேல் விழும்.
* நினைவகம்: மெம்டெஸ்ட்86+ போன்ற நிரலை ஒரு முழுச் சுற்றாவது ஓடவிட்டுப் பார்க்கலாம். நினைவகத் தகடுகளைக் கழற்றி, தொடுமுனைகளைத் துடைத்து மீண்டும் பொருத்துவதே சில வேளைகளில் போதுமானது.
* வன்தட்டு: பெரும்பாலான வன்தட்டுகள் ஸ்மார்ட் என்னும் தற்சோதனைத் தகவல்களைப் பதிவு செய்கின்றன. மாற்றீடு செய்யப்பட்ட பிரிவுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே சென்றால் வன்தட்டை இனி நம்ப இயலாது.
* மின்தேக்கிகள்: 2000களின் முற்பகுதியில் தயாரான தாய்ப்பலகைகள் பலவற்றில் தரக்குறைவான மின்தேக்கிகள் இருந்தன. மேற்பகுதி உப்பியோ, கசிந்தோ காணப்பட்டால் அவை பழுதாகிவிட்டன. மின்வழங்கியினுள்ளும் இவ்வாறு நிகழலாம். மின்வழங்கியைத் திறப்பது ஆபத்தானது. இணைப்பைத் துண்டித்த பின்னரும் அதனுள் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கடைசியாக மாறியது எது

விண்டோஸ் தொடங்குமாயின் இற்றைப்படுத்தல் வரலாற்றுப் பட்டியலில் தேதியையும் கேபி எண்ணையும் காணலாம். நீலத்திரை தோன்றி உடனே மறைந்தால், தொடக்கப் பட்டியலில் "தானாக மறுதொடக்கம் செய்தலை முடக்கு" என்ற பொருளுடைய தெரிவைத் தேர்ந்தால் திரை நிலைத்து நிற்கும். நிறுத்தப் பிழையின் எண்ணையும், இயக்கிக் கோப்பின் பெயர் காட்டப்பட்டால் அதனையும் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். தேடுவதற்கு இவையே சிறந்த திறவுகோல்கள்.

தரவுகளைக் காப்பாற்றுதல்

எந்தச் சீரமைப்பையும் தொடங்குமுன் கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்தல் நன்று. இதற்குக் கணினியின் இயக்குதளம் தொடங்க வேண்டிய தேவையில்லை. மேற்கூறிய லினக்ஸ் வழங்கலிலிருந்தே வன்தட்டைத் திறந்து, வெளியிணைப்பு வன்தட்டுக்குக் கோப்புகளை நகலெடுக்கலாம். அல்லது வன்தட்டைக் கழற்றி, யூஎஸ்பி மாற்றி ஒன்றின் மூலம் வேறொரு கணினியில் இணைக்கலாம்.

எக்ஸ்பியில் பயனர் கோப்புகள் டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் என்ற கோப்புறையிலும், விஸ்டா முதல் யூசர்ஸ் என்ற கோப்புறையிலும் உள்ளன. உலாவியின் நூற்குறிகள், மின்னஞ்சல் மென்பொருள்களின் அஞ்சல் பெட்டிகள் ஆகியவை இவற்றினுள் மறைக்கப்பட்ட உட்கோப்புறைகளில் இருப்பதால் எளிதில் மறக்கப்படுகின்றன. சில கணக்கியல் மென்பொருள்களின் தரவு, அந்த மென்பொருளின் கோப்புறையிலேயே இருக்கும். ஆகவே பயனர் கோப்புறையை மட்டும் படியெடுத்தல் போதாது.

விண்டோஸ் 8 முதல் உள்ள விரைவுத் தொடக்க வசதியினால், அணைக்கப்பட்ட பின்னரும் வன்தட்டு பாதி உறக்க நிலையில் குறிக்கப்பட்டிருக்கலாம். அப்போது லினக்ஸ் அதனைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும். நகலெடுக்க அதுவே போதும். வற்புறுத்தி எழுதும் நிலையில் திறக்கத் தேவையில்லை. வன்தட்டு பிட்லாக்கர் மூலம் மறைகுறியாக்கப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புத் திறவுகோல் இன்றி எதையும் படிக்க இயலாது.

வன்தட்டே பழுதாகும் அறிகுறி தென்பட்டால், செக்டிஸ்க் போன்ற திருத்தும் நிரல்களை முதலில் ஓட்டக் கூடாது. அவை வன்தட்டில் எழுதுவதால் எஞ்சியிருப்பதும் கெடலாம்.

சீர்செய்யும் முறைகள்

குறைந்த மாற்றத்தை உண்டாக்கும் முறையிலிருந்து தொடங்கி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்து, ஒவ்வொன்றின் பின்னும் கணினி தொடங்குகிறதா எனப் பார்த்தல் வேண்டும். பல மாற்றங்களை ஒருசேரச் செய்தால் எது பயனளித்தது, எது மேலும் கெடுத்தது என்பது தெரியாமல் போகும்.

விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா, 7

1. கணினி தொடங்கும்போது எஃப்8 விசையை அழுத்தினால் தொடக்கப் பட்டியல் தோன்றும். அதில் "கடைசியாகச் சரிவர இயங்கிய அமைப்பு" என்ற பொருளுடைய தெரிவு, பதிவகத்தில் இயக்கிகள், சேவைகள் தொடர்பான பகுதியை மட்டும் பழைய நிலைக்கு மாற்றும். வெற்றிகரமாக ஒருமுறை உள்நுழைந்துவிட்டால் பழைய அமைப்பின் மீது புதியது எழுதப்பட்டுவிடும். எனவே இதனை முதலில் முயல வேண்டும்.
2. அதே பட்டியலிலிருந்து பாதுகாப்பு முறையில் தொடக்கி, ஐயத்துக்குரிய இற்றைப்படுத்தலையோ இயக்கியையோ நீக்கலாம்.
3. சிஸ்டம் ரீஸ்டோர் வசதி மூலம் முந்தைய மீட்டெடுப்புப் புள்ளிக்குத் திரும்பலாம். இது ஆவணங்களையும் படங்களையும் தொடுவதில்லை. அப்புள்ளிக்குப் பின் நிறுவிய மென்பொருள்கள் மட்டும் நீங்கும்.
4. பாதுகாப்பு முறையும் தொடங்காவிட்டால் நிறுவல் வட்டைப் பயன்படுத்த வேண்டும். எக்ஸ்பி வட்டில் மீட்பு முனையம் உண்டு. அங்கிருந்து இற்றைப்படுத்தலின் மறைக்கப்பட்ட கோப்புறையில் உள்ள நீக்கல் கட்டளைகளை இயக்கலாம். விஸ்டா, 7 ஆகியவற்றின் வட்டுகளில் தொடக்கத்தைச் சீர்செய்யும் கருவி உள்ளது.

விண்டோஸ் 10, 11

இவற்றில் எஃப்8 விசை இயல்பாகச் செயற்படுவதில்லை. தொடக்கம் தொடர்ந்து சில முறை தோல்வியுற்றால் மீட்புச் சூழல் தானாகத் தோன்றும். தோன்றாவிட்டால், வேறொரு கணினியில் ஆயத்தம் செய்த நிறுவல் பென் டிரைவிலிருந்து அதனை அடையலாம். அதன் உயர்நிலைத் தெரிவுகளில் "இற்றைப்படுத்தல்களை நீக்கு" என்பதன் கீழ், மாதாந்திரத் தர இற்றைப்படுத்தலையோ பெரிய பதிப்பு மாற்றத்தையோ நீக்கலாம். பெரிய பதிப்பு மாற்றத்தைத் திருப்ப இயல்பாக 10 நாட்களே தரப்படுகின்றன. அதன்பின் பழைய பதிப்பின் கோப்புகள் அழிக்கப்பட்டுவிடும்.

இவை பயனளிக்காவிட்டால், கோப்புகளை வைத்துக்கொண்டு கணினியை மீளமைக்கும் தெரிவைப் பயன்படுத்தலாம். இதில் ஆவணங்கள் எஞ்சும். நிறுவிய மென்பொருள்கள் நீங்கும். முழுமையாக வடிவூட்டிப் புதிதாக நிறுவுவது எல்லாவற்றுக்கும் இறுதியான வழியாகும்.

லினக்ஸ்

கிரப் தொடக்கப் பட்டியலில் முந்தைய கருனியைத் தேர்ந்து தொடக்குவதே முதல் முயற்சியாக இருக்க வேண்டும். திரை கறுத்து நின்றால், கருனித் தெரிவுகளில் நோமோட்செட் எனச் சேர்த்துத் தொடக்கினால், வரைவியல் இயக்கியே காரணமா என்பது விளங்கும். பழைய என்விடியா அட்டைகளுக்கான இயக்கிகள் புதிய கருனிகளுக்கு ஆதரவளிக்காமல் போவது இதற்கான பொதுவான காரணங்களுள் ஒன்று. கிரப்பே பழுதானால் கருனியை மாற்றிப் பயனில்லை. 2020 ஜூலை இறுதியில் பூட்ஹோல் குறைபாட்டுக்கான திருத்தத்தை நிறுவிய ரெட் ஹேட், சென்ட்ஓஎஸ் கணினிகள் சில தொடங்காமல் போயின. மீட்பு வட்டிலிருந்து தொடக்கி, பழைய பொதிகளுக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

சீர்செய்த பின்னர்

நீக்கப்பட்ட இற்றைப்படுத்தல் மறுநாளே தானாக மீண்டும் நிறுவப்படலாம். எனவே விண்டோஸ் 7 இல் அதனை மறைத்துவைத்தலும், விண்டோஸ் 10, 11 இல் இற்றைப்படுத்தல்களைச் சில வாரங்களுக்கு இடைநிறுத்தலும் தேவைப்படும். திருத்தப்பட்ட பொதி பெரும்பாலும் இக்காலத்துக்குள் வெளிவந்துவிடும்.

எனினும், ஒருமுறை பட்ட தொல்லையினால் இற்றைப்படுத்தல்களை நிரந்தரமாக அணைத்துவிடுதல் வேறு இடருக்கு வழிவகுக்கும். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை பணயத் தீநிரல், அதே ஆண்டு மார்ச் 14 அன்றே திருத்தம் வெளியிடப்பட்டிருந்த ஒரு குறையின் வழியாகவே கணினிகளுள் புகுந்தது. தொற்றுக்குள்ளானவற்றுள் மிகப் பெரும்பாலானவை, அத்திருத்தத்தை நிறுவாத விண்டோஸ் 7 கணினிகள். பயனர்களின் கோப்புகள் மறைகுறியாக்கப்பட்டன.

தடுப்பு முறைகள்

* கணினியுடன் நிலையாக இணைக்கப்படாத வெளியிணைப்பு வன்தட்டில் காப்புநகல் வைத்திருத்தல்.
* பெரிய இற்றைப்படுத்தலுக்கு முன் மீட்டெடுப்புப் புள்ளியை உருவாக்குதல். விண்டோஸ் 10, 11 கணினிகள் பலவற்றில் இவ்வசதி அணைக்கப்பட்டிருப்பதால், இயக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்தல் வேண்டும்.
* கணினி நன்றாக இயங்கும்போதே மீட்புப் பென் டிரைவ் ஒன்றை ஆயத்தம் செய்தல். கணினி தொடங்காமல் போன பின் ஆயத்தம் செய்ய வேறொரு கணினி தேவைப்படும்.
* யூபிஎஸ் வழியாக மின்சாரம் வழங்குதல்.
* இயக்குதளப் பகிர்வில் போதிய கட்டற்ற இடம் வைத்திருத்தல்.
* பிட்லாக்கர் பயன்பாட்டில் இருந்தால் மீட்புத் திறவுகோலைத் தாளில் அச்சிட்டு வைத்தல்.

ஆதரவு முடிந்த இயக்குதளங்கள்

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7 க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. 2024 இல் வெளியான விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு, எஸ்எஸ்இ4.2, பாப்சிஎன்டி ஆகிய கட்டளைகள் இல்லாத செயலிகளில் தொடங்குவதேயில்லை. இத்தகைய கணினிகளில் எடை குறைந்த லினக்ஸ் வழங்கல் ஒன்றை நிறுவுதல், அல்லது இணையத்தில் இணைக்காமல் குறிப்பிட்ட பணிக்கு மட்டும் பயன்படுத்துதல் ஆகிய வழிகள் உள்ளன. எவ்வழியைத் தேர்ந்தாலும், பழைய வன்தட்டில் உள்ள கோப்புகளை முதலில் படியெடுத்துவிட்டே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* இயக்குதளம்
* கருனி
* சாதன இயக்கி
* காப்புநகல்
* தீநிரல்
* நீலத்திரை
* பயாஸ்